பழைய எச்81 கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டியை பூட் டிரைவாக்குவது: குளோனா, புதிதாக விண்டோஸ் போடுவதா?

#1 கம்பிவேலி

வணக்கம். கடைக் கணக்குக்கு ஓடும் டெஸ்க்டாப். ஐ5-4460, எச்81 போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 64 பிட். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. போர்டில் எம்.2 ஸ்லாட்டும் கிடையாது, அதனால் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி 500 ஜிபி வாங்கி வைத்திருக்கிறேன்.

டிஸ்க் மேனேஜ்மென்டில் தெரிவது: சிஸ்டம் ரிசர்வ்டு 500 எம்பி, சி 200 ஜிபி (140 நிரம்பிவிட்டது), டி 350 ஜிபி, மீதி இ. இ மட்டும் பச்சைக் கட்டத்துக்குள் இருக்கிறது. எம்எஸ்இன்ஃபோ32 (விண்டோஸின் சிஸ்டம் தகவல் திரை) திறந்தால் பயாஸ் மோடு 'லெகசி' என்று காட்டுகிறது.

விண்டோஸ், டேலி, பில்லிங் எல்லாம் எஸ்எஸ்டியில் ஓட வேண்டும். பழைய டிஸ்க் டேட்டாவுக்கு மட்டும். குளோன் செய்வதா (இருப்பதை அப்படியே நகலெடுப்பது), புதிதாகப் போடுவதா? எந்த போர்ட்டில் மாட்டுவது? பயாஸில் எதையாவது மாற்ற வேண்டுமா?

---

#2 திருகாணி

மாட்டுகிற வேலையை மட்டும் நான் சொல்கிறேன். மென்பொருள் பக்கம் மற்றவர்கள் வருவார்கள்.

எச்81 சிப்செட்டில் மொத்தம் நாலு சாட்டா போர்ட். அதில் இரண்டுதான் 6 ஜிகாபிட், மற்ற இரண்டும் 3 ஜிகாபிட். சில போர்டுகளில் இரண்டுக்கும் நிறம் வேறு, சிலவற்றில் எல்லாம் ஒரே நிறம். நிறத்தை நம்பாதீர்கள், போர்ட் பக்கத்தில் பொடி எழுத்தில் '6ஜி', '3ஜி' என்று அச்சடித்திருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். இப்போது ஹார்ட் டிஸ்க் 6ஜி போர்ட்டில் உட்கார்ந்திருந்தால் அதை 3ஜிக்குத் தள்ளிவிடுங்கள். உங்களுடையது போன்ற 1 டிபி சுழலும் டிஸ்க் நொடிக்கு 200 எம்பி அளவில்தான் நிற்கும், அதற்கு 3ஜி தாராளம். எஸ்எஸ்டிக்கு 6ஜியில் 550 எம்பி வரை வரும், 3ஜியில் 280க்குள் நின்றுவிடும்.

பவர் கனெக்டரை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வரும் சாட்டா வயரில் எடுங்கள். வயர் போதவில்லை என்று கடையில் மோலக்ஸ்–சாட்டா கன்வெர்ட்டர் கொடுப்பார்கள். அதில் பிளாஸ்டிக்கை உருக்கி ஒரே கட்டியாக வார்த்த வகை வேண்டவே வேண்டாம். உள்ளே கம்பிகள் நெருங்கி நின்று நாளடைவில் ஷார்ட் ஆகிக் கருகும். வயர்கள் தனித்தனியாகச் செருகப்பட்டு பின்பக்கம் மூடி வைத்த வகை இருந்தால் அதை வாங்குங்கள்.

ஸ்க்ரூ விஷயம்: 2.5 இன்ச் டிரைவுக்கு எம்3. ஹார்ட் டிஸ்க்குக்குப் போடும் 6-32 ஸ்க்ரூ அதைவிடத் தடிமன். முறுக்கினால் எஸ்எஸ்டி மரை போய்விடும். 3.5 இன்ச் பேயில் வைக்க ஒரு அடாப்டர் பிராக்கெட் போதும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் இல்லை என்பதால் படுக்க வைத்தாலும் நிறுத்தி வைத்தாலும் ஒன்றுதான்.

வேலை தொடங்கும் முன் பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடிய விடுங்கள்.

---

#3 நெம்புகோல்

எம்எஸ்இன்ஃபோவையும் டிஸ்க் மேனேஜ்மென்டையும் முதலிலேயே பார்த்துச் சொன்னது நல்லது. பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

பச்சைக் கட்டம் என்றால் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன். எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் பிரைமரி (நேரடிப் பிரிவு) அதிகபட்சம் நாலு. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் மூன்று பிரைமரி முடிந்ததும் நாலாவதை எக்ஸ்டெண்டட் ஆக்கி, அதற்குள் லாஜிக்கலாக இ-யைப் போட்டுவிட்டது. மொத்தத்தில் உங்கள் சிஸ்டம் எம்பிஆர் டிஸ்க், லெகசி பூட்.

புதிய டிரைவுக்கு ஜிபிடி (எம்பிஆருக்கு அடுத்து வந்த பார்ட்டிஷன் முறை), யுஇஎஃப்ஐ பூட் (லெகசிக்கு அடுத்து வந்த பூட் முறை) என்று போவதுதான் சரி. எச்81 போர்டுகள் யுஇஎஃப்ஐ ஆதரிக்கின்றன. 500 ஜிபிக்கு எம்பிஆர் போதாதா என்றால் போதும், 2 டிபிக்கு மேல்தான் அது திணறும். ஆனால் ஜிபிடியில் பார்ட்டிஷன் அட்டவணையின் நகல் டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும். முதல் செக்டர் கெட்டதும் மொத்தமும் காணாமல் போகிற கதை இதில் இல்லை.

என் ஓட்டு புதிதாக நிறுவுவதற்கே. எட்டாண்டு, பத்தாண்டு அழுக்கு சேர்ந்த விண்டோஸைத் தூக்கிக்கொண்டு வந்து எஸ்எஸ்டியில் வைப்பதில் அர்த்தமில்லை.

1. வேறொரு கம்ப்யூட்டரில் 8 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் எழுதுங்கள். ரூஃபஸ் என்றால் பார்ட்டிஷன் ஸ்கீம் 'ஜிபிடி', டார்கெட் 'யுஇஎஃப்ஐ' என்று வையுங்கள்.

2. பயாஸில் சாட்டா மோடு 'ஏஎச்சிஐ' என்று இருக்கிறதா பாருங்கள். சிஎஸ்எம் (பழைய லெகசி பூட்டுக்கு இடம் தரும் அமைப்பு) பகுதியில் பூட் டிவைஸுக்கு 'யுஇஎஃப்ஐ மட்டும்' கொடுங்கள். உங்களுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, பிரச்சினை வராது. பழைய கார்டு மாட்டியிருப்பவர்கள் சிஎஸ்எம்மை முழுதாக அணைத்தால் சில சமயம் திரையே வராது, அந்தக் கார்டின் பயாஸில் யுஇஎஃப்ஐக்கான பகுதி இருக்காது.

3. பூட் மெனுவில் பென் டிரைவ் இரண்டு முறை தெரியலாம். ஒன்று வெறும் பெயர், இன்னொன்று முன்னால் 'யுஇஎஃப்ஐ:' என்று போட்டது. இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். முதலாவதில் நுழைந்தால் இன்ஸ்டாலர் மறுபடி எம்பிஆராகவே கேட்கும்.

4. 'அன்அலொகேட்டட்' என்று காட்டும் எஸ்எஸ்டியைத் தொட்டு நெக்ஸ்ட் கொடுங்கள். கையால் பார்ட்டிஷன் பிரிக்க வேண்டாம். இஎஃப்ஐ 100 எம்பி, எம்எஸ்ஆர் 16 எம்பி, சி, ரெக்கவரி எல்லாவற்றையும் அதுவே போட்டுக்கொள்ளும்.

விண்டோஸ் கீ கேட்டால் 'என்னிடம் இல்லை' கொடுங்கள். இதே போர்டில் ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 என்றால் டிஜிட்டல் லைசென்ஸ் போர்டோடு சேர்ந்தது, நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். அதே எடிஷனைத் தேர்ந்தெடுங்கள், ஹோம் இருந்த இடத்தில் புரோ போட்டால் ஆகாது.

---

#4 வடமராட்சி

நெம்புகோல் அண்ணை முக்கியமான ஒண்டைச் சொல்லாமல் விட்டிட்டார். விண்டோஸ் போடேக்க பழைய ஹார்ட் டிஸ்கின்ர டேட்டா கேபிளைக் கழட்டி வையுங்கோ. எஸ்எஸ்டி மட்டும் தான் பூட்டியிருக்க வேணும்.

ஏனெண்டால், இன்ஸ்டாலர் விண்டோஸ் கோப்புகளை நீங்கள் சொன்ன டிரைவிலதான் போடும், ஆனால் பூட் கோப்புகளை ஏற்கெனவே இஎஃப்ஐ பார்ட்டிஷன் (லெகசி எண்டால் ஆக்டிவ் பார்ட்டிஷன்) இருக்கிற டிஸ்கில கொண்டுபோய் வைச்சிடும். இரண்டும் பூட்டியிருக்கும் வரைக்கும் ஒரு பிழையும் தெரியாது. பிறகொரு நாள் பழைய டிஸ்க் பழுதாகும், அல்லது அதை ஃபார்மட் பண்ணுவீங்கள். அண்டைக்கு 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' எண்டு கறுப்புத் திரை வரும். எஸ்எஸ்டிக்கு ஒண்டும் நடக்கேல்ல, வாசல் மற்ற வீட்டில இருந்ததுதான் பிரச்சினை.

இப்பிடி மாறிப் போன மெஷின்களை மீட்கவும் வழி இருக்குது, திரும்ப விண்டோஸ் போடத் தேவையில்ல. எஸ்எஸ்டியில இஎஃப்ஐ பார்ட்டிஷன் இல்லையெண்டால் சி-யிலிருந்து 100 எம்பி சுருக்கி, டிஸ்க்பார்ட்டில 'கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ' குடுத்து, ஃபேட்32 ஆக ஃபார்மட் பண்ணி, எஸ் எண்ட எழுத்தைக் குடுங்கோ. பிறகு 'பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யுஇஎஃப்ஐ'. இது ஜிபிடி டிஸ்குக்கு மட்டும். பென் டிரைவில பூட் பண்ணி ஷிஃப்ட்+எஃப்10 அடிச்சுச் செய்யிறதெண்டால் விண்டோஸ் இருக்கிற டிரைவுக்கு சி எண்ட எழுத்துத்தான் வரும் எண்டில்ல, டி அல்லது இ ஆக இருக்கலாம். 'லிஸ்ட் வால்யூம்' அடிச்சுப் பாத்திட்டுச் செய்யுங்கோ.

(கட்டளைகளைத் தமிழ் எழுத்தில தந்திருக்கிறன், கீபோர்டில ஆங்கிலத்திலதான் அடிக்க வேணும்.)

---

#5 இரவுப்பறவை

புதிதாகப் போடுங்கள் என்று சொல்வது சுலபம். கடைக் கம்ப்யூட்டர் என்கிறார். டேலி, பில் பிரிண்டர், பார்கோடு, ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர், பழைய தமிழ் எழுத்துருக்கள், கீபோர்டு டிரைவர்… இத்தனையும் மறுபடி அமைக்க ஒரு நாள் போய்விடும், பாதிக்கு சிடியே கிடைக்காது. நான் குளோன் கட்சி.

இவருக்குக் குளோன் செய்வதிலும் ஒரு வசதி இருக்கிறது. சிஸ்டம் ரிசர்வ்டு, சி, இந்த இரண்டை மட்டும் எஸ்எஸ்டிக்குக் கொண்டுவந்தால் போதும். டியும் இயும் பழைய இடத்திலேயே இருக்கட்டும். அப்போது எஸ்எஸ்டியில் இரண்டு பிரைமரி மட்டும்தான், எக்ஸ்டெண்டட் கிடையாது. அதனால் எம்பிஆரை ஜிபிடியாக மாற்றும் விண்டோஸ் கருவியான எம்பிஆர்2ஜிபிடி தடை சொல்லாமல் வேலை செய்யும். மூல டிஸ்க்கில் அதை ஓட்டினால் லாஜிக்கல் பார்ட்டிஷனைப் பார்த்ததுமே மறுத்துவிடும்.

எந்த மென்பொருள்? 1 டிபியிலிருந்து 500 ஜிபிக்குப் போகிறோம், அதனால் குளோனசில்லாவின் டிஸ்க்–டு–டிஸ்க் முறை வழக்கமான அமைப்பில் நின்றுவிடும், சேரும் டிஸ்க் மூலத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது என்பது அதன் கணக்கு. பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுக்க விடும் மென்பொருள் வேண்டும். மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்பை நிறுத்திவிட்டார்கள், ஆனால் 30 நாள் சோதனைப் பதிப்பு இந்த ஒரு வேலைக்குப் போதும். எஸ்எஸ்டி கம்பெனிகளும் சொந்த மென்பொருள் தருகிறார்கள். சாம்சங்கின் டேட்டா மைக்ரேஷன் சாம்சங் எஸ்எஸ்டிக்கு மட்டும். குரூஷியலுக்கு அக்ரோனிஸின் ஒரு பதிப்பு.

வரிசை:

முதலில் 'சிஹெச்கேடிஎஸ்கே சி: /எஃப்'. பழுதான ஃபைல் சிஸ்டத்தைக் குளோன் செய்தால் பழுதும் கூடவே வரும். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பழைய டிஸ்க்கின் 'ரீஅலொகேட்டட்' (கெட்டுப்போய் மாற்றிடம் கொடுத்த), 'பெண்டிங்' (படிக்கத் திணறும்) செக்டர் எண்ணிக்கையையும் பாருங்கள். பெண்டிங் பூஜ்யமாக இல்லையென்றால் குளோனை மறந்துவிட்டு முதலில் டேட்டாவைக் காப்பாற்றுங்கள்.

குளோன் முடிந்ததும் ஷட்டவுன். பழைய டிஸ்க் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் வைத்து, லெகசியிலேயே ஒருமுறை பூட் செய்யுங்கள். இரண்டையும் சேர்த்துப் பூட் செய்யக் கூடாது. இரண்டுக்கும் டிஸ்க் சிக்னேச்சர் (டிஸ்க்கின் அடையாள எண்) ஒன்றாக இருக்கும், விண்டோஸ் ஒன்றை 'ஆஃப்லைன்' ஆக்கிவிடும். அதை நீங்கள் ரைட் கிளிக் செய்து 'ஆன்லைன்' கொடுத்தால் அதன் சிக்னேச்சரை மாற்றி எழுதிவிடும், பிறகு அந்த டிஸ்க்கிலிருந்து பூட் ஆகாது.

எஸ்எஸ்டியிலிருந்து நன்றாக எழுந்ததும் அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் 'ரீஏஜென்ட்சி /டிசேபிள்' (ரெக்கவரியைத் தற்காலிகமாக அணைக்க), அடுத்து 'எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /டிஸ்க்:0 /அலவ்ஃபுல்ஓஎஸ்'. சரி என்று வந்தால் 'வேலிடேட்' இடத்தில் 'கன்வெர்ட்' போட்டு அதே கட்டளை. முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து உடனே பயாஸுக்குப் போய் யுஇஎஃப்ஐக்கு மாற்றுங்கள், லெகசியில் இனி எழாது. உள்ளே வந்ததும் 'ரீஏஜென்ட்சி /எனேபிள்'. விண்டோஸ் 10ல் 1703 பதிப்பிலிருந்துதான் இந்தக் கருவி உண்டு.

---

#6 நெம்புகோல்

> பாதிக்கு சிடியே கிடைக்காது

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குளோன் சொல்லும்போது அலைன்மென்ட்டையும் (பார்ட்டிஷன் தொடங்கும் இடம் எஸ்எஸ்டியின் பக்கங்களோடு பொருந்துவது) சொல்லியிருக்க வேண்டும். எக்ஸ்பி காலத்தில் பிரித்த டிஸ்க்கில் முதல் பார்ட்டிஷன் 63ஆவது செக்டரில் தொடங்கும். அதன் மேலேயே விண்டோஸ் 7, 10 என்று அப்கிரேட் ஆகி வந்திருந்தால் அந்தத் தொடக்கம் அப்படியே எஸ்எஸ்டிக்கும் வரும். 4 கேபி எழுத வேண்டிய இடத்தில் இரண்டு பக்கங்களைத் தொட வேண்டியிருக்கும், எழுதும் வேகம் விழும், தேய்மானமும் கூடும். எம்எஸ்இன்ஃபோ32ல் ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் என்று போய் 'பார்ட்டிஷன் ஸ்டார்ட்டிங் ஆஃப்செட்' எண்ணை 4096ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி வராவிட்டால் சரி. விஸ்டாவுக்குப் பின் பிரித்ததென்றால் பெரும்பாலும் 1,048,576 என்று இருக்கும்.

டேலி பற்றியும் ஒரு வார்த்தை. குளோனோ புதிதோ, டிஸ்க்கை மாற்றும் முன் டேலியில் லைசென்ஸைச் 'சரண்டர்' செய்துவிட்டு, மாற்றிய பின் ரீஆக்டிவேட் செய்வது பாதுகாப்பு. ஹார்டுவேர் மாறியதாக எடுத்துக்கொண்டு எஜுகேஷனல் மோடில் நின்றால் பில் போட முடியாமல் தவிப்பீர்கள். கம்பெனி டேட்டா ஃபோல்டரை இன்னொரு இடத்தில் காப்பி எடுத்துவைப்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

---

#7 பனங்கற்கண்டு

இடையில் ஒரு கேள்வி. இதே போல எச்81 போர்டில் பிசிஐஇ அடாப்டர் வைத்து என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான எஸ்எஸ்டி வகை) போட்டால் இன்னும் வேகம் கிடைக்குமே? சாட்டாவோடு ஏன் நிற்க வேண்டும்?

---

#8 திருகாணி

விண்டோஸுக்குள் போனபின் டிரைவ் தெரியும், பூட் ஆகாது. அந்தக் கால பயாஸில் என்விஎம்இ டிரைவர் இல்லை. அடுத்து வந்த 9 சீரிஸ், இசட்97, எச்97 போர்டுகளில்தான் அது பரவலாக வந்தது. பயாஸை மாற்றி எழுதுவது, பென் டிரைவில் குளோவர் பூட்லோடர் வைத்துத் தாண்டுவது என்று வழிகள் உண்டு. கடைக் கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டு வேண்டாம்.

வேகமும் நினைக்கிற அளவு வராது. எச்81ல் பிசிஐஇ 2.0. சின்ன எக்ஸ்1 ஸ்லாட்டில் மாட்டினால் அதிகபட்சம் 500 எம்பி, நடைமுறையில் 400 சொச்சம். சாட்டாவைவிடக் குறைவு! பெரிய ஸ்லாட்டில் மாட்டினால் 2 ஜிபி வரை வரும், ஆனால் கிராபிக்ஸ் கார்டுக்கு இடம் போச்சு. விண்டோஸ் எழுந்து டேலி திறக்கும் வேலையில் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு வருவதுதான் கண்ணுக்குத் தெரியும் மாற்றம். அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாது.

---

#9 மணல்கடிகை

லேப்டாப். 11ஆம் தலைமுறை இன்டெல். உள்ளே இருந்த 256 ஜிபி என்விஎம்இயை எடுத்துவிட்டு 1 டிபி போட்டாகிவிட்டது. பயாஸில் டிரைவின் பெயர் தெரிகிறது. விண்டோஸ் இன்ஸ்டாலரில் பட்டியல் காலி. டிரைவ் பழுதா?

---

#10 நெம்புகோல்

டிரைவ் பழுதில்லை, விஎம்டி. 11ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்புகளில் இன்டெல்லின் விஎம்டி கண்ட்ரோலரை இயக்கியே அனுப்புகிறார்கள். அதற்கான டிரைவர் விண்டோஸ் இன்ஸ்டாலரில் இல்லை, அதனால் கண்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கும் டிரைவ் அதற்குத் தெரியாது.

இரண்டு வழி. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, அதைப் பிரித்தெடுத்து, உள்ளே இருக்கும் ஐஎன்எஃப் கோப்புகளோடு அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். இஎக்ஸ்இயை அப்படியே போட்டால் இன்ஸ்டாலர் கண்டுகொள்ளாது. 'லோட் டிரைவர்' கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் பட்டியலில் டிரைவ் வந்துவிடும். அல்லது பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுங்கள். ஒற்றை டிரைவ் உள்ள லேப்டாப்பில் அதனால் இழப்பு எதுவும் இல்லை. புதிதாக நிறுவுவதால் இதைத் தாராளமாகச் செய்யலாம். ஏற்கெனவே ஓடும் விண்டோஸில் அணைத்தால் 'இன்அக்சசபிள் பூட் டிவைஸ்' நீலத்திரை வரும்.

பழைய 256 ஜிபியைப் படிக்க வேண்டியிருந்தால் டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரைக் கவனியுங்கள். விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் அது கேட்காமலேயே இயங்கியிருக்கும். 48 இலக்க ரெக்கவரி கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை எழுதி வைத்துக்கொண்டுதான் பயாஸில் கை வைக்க வேண்டும்.

---

#11 பனங்கற்கண்டு

எஸ்எஸ்டி போட்ட கையோடு பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுங்கள், டிஃப்ராக் சர்வீஸை அணையுங்கள், ஹைபர்னேஷனை எடுத்துவிடுங்கள். எழுத்து குறைந்தால்தான் ஆயுள் கூடும்.

---

#12 இரவுப்பறவை

மூன்றில் ஒன்றுதான் பாதி சரி.

பேஜ் ஃபைலை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினால் ரேம் நிறையும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். 8 ஜிபி ரேமில் பிரவுசரும் டேலியும் திறந்தால் அது அடிக்கடி நடக்கும். அப்புறம் எஸ்எஸ்டி எதற்கு?

டிஃப்ராக் சர்வீஸை அணைக்கவே கூடாது. விண்டோஸ் 8லிருந்து அது எஸ்எஸ்டியை அடையாளம் கண்டு அதற்கு ட்ரிம் (அழித்த இடங்கள் எவை என்று சொல்லும் கட்டளை) அனுப்புகிறது. அணைத்தால் அந்த வாராந்திர ட்ரிம்மும் நின்றுபோகும். ட்ரிம் இயங்குகிறதா என்று பார்க்க 'எஃப்எஸ்யுடில் பிஹேவியர் குவெரி டிசேபிள்டெலீட்நோட்டிஃபை'. 0 வந்தால் இயங்குகிறது. பெயரே 'டிசேபிள்' என்பதால் 0 என்பது 'அணைக்கவில்லை' என்று பொருள், பலர் தலைகீழாகப் படித்து 1 ஆக்கிவிடுகிறார்கள்.

ஹைபர்னேஷன் கோப்பு வழக்கமாக ரேமில் 40 சதவீதம், இவருக்கு 3.2 ஜிபி. அந்த இடம் வேண்டுமென்றால் 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்'. கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும். லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு அது போவதே நல்லது, இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து சி-யில் எழுத முடியாது.

---

#13 திருகாணி

ஆயுள் பயத்துக்குக் கணக்குப் போட்டுவிடலாம். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்குக் கம்பெனி உத்தரவாதம் 300 டெராபைட் எழுத்து, குரூஷியல் எம்எக்ஸ்500 500 ஜிபிக்கு 180. இரண்டுக்கும் ஐந்தாண்டு. கடைக் கம்ப்யூட்டரில் நாளைக்கு 40 ஜிபி எழுதுகிறது என்று வைத்தால்கூட (அவ்வளவு எழுதாது) 180 டெராபைட் தீர 4,500 நாள், பன்னிரண்டு ஆண்டுக்கு மேல். அதற்குள் போர்டு போய்விடும்.

உண்மையில் எஸ்எஸ்டி சாவது எழுதித் தேய்ந்து அல்ல. கண்ட்ரோலர் அல்லது ஃபர்ம்வேர் மக்கர் செய்து, முன்னறிவிப்பு இல்லாமல் ஒரே நாளில் போகும். குரூஷியலின் பழைய எம்4 மாடலில் 5,184 மணி நேரம் ஓடியதும் மணிக்கு ஒருமுறை தொங்கும் பிழை இருந்தது, 2012ல் ஃபர்ம்வேர் விட்டுச் சரி செய்தார்கள். 2019ல் எச்பிஇ சர்வர் எஸ்எஸ்டிகள் சிலவற்றில் 32,768ஆவது மணியில் டிரைவே இறந்துபோகும் பிழை. அதனால் வாங்கியதும் ஃபர்ம்வேர் புதியதா என்று பாருங்கள், விண்டோஸ் போடும் முன்பே பார்ப்பது உத்தமம். பழைய ஹார்ட் டிஸ்க் கரகர என்று சத்தம் போட்டாவது சொல்லும். இது சொல்லாது. டேலி டேட்டா தினம் டி-க்கும், வாரம் ஒருமுறை வெளியே ஒரு டிரைவுக்கும் போக வேண்டும்.

ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ பெயர் தெரியாத எஸ்எஸ்டி மலிவாகக் கிடைத்தால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'பவர் ஆன் ஹவர்ஸ்' பாருங்கள். புதிது என்று தந்தது ஆயிரக்கணக்கில் காட்டினால் திருப்பிக் கொடுங்கள். கொள்ளளவை ஏமாற்றும் போலிகளைப் பிடிக்க எச்2டெஸ்ட்டபிள்யூவில் முழுக்க எழுதிப் படிக்க வேண்டும். பில்லில் சீரியல் எண் இல்லாமல் வாங்காதீர்கள்.

---

#14 வடமராட்சி

இன்னொரு கதையும் கதைக்க வேணும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது. ஐ5-4460 விண்டோஸ் 11 பட்டியலில இல்ல, இன்டெல்லில பெரும்பாலும் 8ஆம் தலைமுறையில இருந்துதான். டேலி விண்டோஸ் கேக்கும் எண்டபடியால் கம்பிவேலிக்கு வேற வழி குறைவு. தனிப்பட்ட பாவனையாளருக்கான நீடித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில பதிஞ்சு வைக்கலாம், அதுவும் 2026 ஒக்டோபர் வரைக்கும்தான். நெட்டுக்கும் மெயிலுக்கும் மட்டும் பாவிக்கிற ஆக்கள் இதே எஸ்எஸ்டியில லினக்ஸ் மின்ட் போடுறது சுகம். ட்ரிம்முக்கு 'எஃப்எஸ்ட்ரிம்.டைமர்' கிழமைக்கு ஒருக்கா தானா ஓடும், 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' போட்டு ஒருக்கா பாத்தால் போதும்.

---

#15 கம்பிவேலி

குளோன் வழியில் போனேன். சிஸ்டம் ரிசர்வ்டும் சி-யும் மட்டும். எம்பிஆர்2ஜிபிடி ஓடி முடிந்தது, பயாஸ் மோடு இப்போது 'யுஇஎஃப்ஐ'. டேலி லைசென்ஸும் திரும்பிவிட்டது. பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டியாகிவிட்டது.

மூன்று சந்தேகம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எஸ்எஸ்டிக்கு டிரான்ஸ்ஃபர் மோடு 'சாட்டா/300 | சாட்டா/600' என்று இருக்கிறது. பழைய டிஸ்க்கில் இருக்கும் பழைய சி-யை அழித்தால், அந்த 200 ஜிபியை டி-யோடு சேர்க்க முடியுமா? அப்புறம், விண்டோஸ் சட்டென்று வருகிறது, ஆனால் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு ஃபைல் எக்ஸ்புளோரர் திறந்தால் ஏழெட்டு நொடி அப்படியே நிற்கிறது. எஸ்எஸ்டியில் கோளாறா?

---

#16 திருகாணி

இடது பக்கம் இப்போது ஓடும் வேகம், வலது பக்கம் டிரைவால் முடிந்த வேகம். 300 | 600 என்றால் எஸ்எஸ்டி 3ஜி போர்ட்டில் மாட்டியிருக்கிறது. ஆஃப் செய்துவிட்டு 6ஜி போர்ட்டுக்கு மாற்றுங்கள். யுஇஎஃப்ஐ பூட் பதிவு பார்ட்டிஷனின் அடையாள எண்ணை வைத்துத் தேடுகிறது, போர்ட் எண்ணை வைத்து அல்ல, அதனால் வழக்கமாக ஒன்றும் ஆகாது. ஒருவேளை பூட் வரிசை கலைந்திருந்தால் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் இருக்கும்படி வையுங்கள். சரியான போர்ட்டிலும் 300 என்றே காட்டினால் கேபிளை மாற்றிப் பாருங்கள். அதே பட்டியலில் சி7 என்ற வரி சிஆர்சி பிழை எண்ணிக்கை, நாளுக்கு நாள் ஏறினால் குற்றவாளி கேபிள்தான், டிரைவ் அல்ல.

---

#17 இரவுப்பறவை

பழைய சி-யை உடனே அழிக்காதீர்கள். மாத முடிவுக் கணக்கும் ஜிஎஸ்டி தாக்கலும் ஒருமுறை எஸ்எஸ்டியிலிருந்து முடியட்டும். அதுவரை அதுவே உங்கள் பேக்கப்.

அழித்த பின் டி-யோடு சேர்ப்பது டிஸ்க் மேனேஜ்மென்டில் நடக்காது. காலி இடம் டி-க்கு இடது பக்கம் வருகிறது, 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' வலது பக்கம் மட்டும்தான் நீட்டும், அதனால் மங்கலாகவே இருக்கும். ஜிபார்ட்டட் போன்றவற்றால் டி-யை நகர்த்தலாம், ஆனால் 350 ஜிபி டேட்டாவை இடம் பெயர்க்கும்போது நடுவில் கரண்ட் போனால் கதை முடிந்தது. அந்த 200 ஜிபியைத் தனி வால்யூமாக ஃபார்மட் செய்து டேலி பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களை டி-க்குக் கொண்டுபோக நினைத்தால் ஒவ்வொன்றின் பிராப்பர்ட்டீஸில் 'லொகேஷன்' டேப் வழியாகச் செய்யுங்கள். 'யூசர்ஸ்' ஃபோல்டரையோ 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரையோ முழுசாக நகர்த்தினால் அடுத்த பெரிய அப்டேட்டில் மாட்டிக்கொள்வீர்கள்.

நிற்பது எஸ்எஸ்டியால் அல்ல. பழைய ஹார்ட் டிஸ்க் தூங்கிப்போயிருக்கும், எக்ஸ்புளோரர் எல்லா டிரைவையும் எட்டிப் பார்க்கும்போது அது சுழன்று எழுந்திருக்க அத்தனை நொடி ஆகிறது. முன்பு விண்டோஸே அதில் இருந்ததால் தூங்க நேரமே கிடைக்கவில்லை. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், 'டர்ன் ஆஃப் ஹார்ட் டிஸ்க் ஆஃப்டர்'. 20 நிமிடம் என்று இருப்பதை 0 ஆக்குங்கள், 'நெவர்' என்று மாறும்.

---

#18 நெம்புகோல்

கூடவே ஒன்று. யுஇஎஃப்ஐக்கு வந்துவிட்டதால் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் டேபில் மேலே வலது மூலையில் 'லாஸ்ட் பயாஸ் டைம்' வரும். எச்81 போர்டுகளில் இது 10 நொடிக்கு மேல் காட்டினால் பயாஸில் ஃபாஸ்ட் பூட்டை இயக்குங்கள், எதுவும் மாட்டாத சாட்டா போர்ட்டுகளையும் நெட்வொர்க் பூட்டையும் அணைத்துவிடுங்கள். அந்த நேரம் விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடுவது, எஸ்எஸ்டியால் அதைக் குறைக்க முடியாது.